முழங்கைக்குப் பின்னால் ஒரு கடை

எங்கள் கடைக்கு முன்னால் நீலத் தகடு வந்து நின்றதிலிருந்து எனக்கு அறிவுரை சொல்லாத ஆளே மயிலாப்பூரில் இல்லை. பூமிக்கடியில் ரயில் வரப்போகிறதாம். நல்லது, வரட்டும். அதற்காகத் தெருவைத் தோண்டினார்கள். தோண்டிய இடத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கும் மேலே தகரத் தகடுகளை வரிசையாக நட்டார்கள். தகட்டுக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவே ஒரு சந்து மிஞ்சியது. அதில் எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். தெருவில் போகிறவர்களுக்கு அங்கே ஒரு கடை இருக்கிறது என்பதே தெரியாமல் போயிற்று.

பெரிய கடை ஒன்றும் இல்லை. மேட்சிங் சென்டர். புடவைக்கு ஏற்ற ரவிக்கைத் துணி, லைனிங், ஃபால்ஸ், உள்பாவாடை, உள்ளே ஒரு தையல் மெஷின், அவ்வளவுதான். தி.நகரில் புடவை எடுத்துவிட்டு, அதற்குச் சரியான நிறத்தில் உள்பாவாடை கிடைக்காமல் அலைகிற பெண்கள் கடைசியில் எங்களிடம் வந்து சேருவார்கள். அவர்களில் ஒருத்தி கூட ட்யூப் லைட்டை நம்ப மாட்டாள். துணியைப் புடவையோடு சேர்த்து வாசலுக்கு எடுத்துப்போய், வெயிலில் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தால்தான் அவளுக்கு நிம்மதி. தகடு வந்தபின் எங்கள் வாசலில் வெயிலும் இல்லை, பெண்களும் இல்லை.

‘செல்போன் மேப்பில் கடையைப் போடு’ என்றார்கள். போட்டோம். மேப் மிகச் சரியாகக் கொண்டுவந்து விட்டது, தகட்டுக்கு அந்தப் பக்கம். “வந்துட்டோம், எங்க இருக்கீங்க?” என்று போனில் கேட்பார்கள். அதே குரல் தகட்டுக்கு அப்பாலிருந்தும் எனக்கு நேராகக் கேட்கும். கை நீட்டினால் தொட்டுவிடலாம், நடுவில் ஒரு தகரம். சுற்றி வர வழி சொல்வேன். “இதோ வர்றோம்” என்பார்கள். வர மாட்டார்கள். ரீல்ஸ் போடு என்றார்கள். நானும் ஒன்று எடுத்துப் போட்டேன். அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்கள். உனக்கு ஏன் முகம் இப்படி உர்ரென்று இருக்கிறது என்று கேட்டுப் பதில் போட்டார்கள். பிறந்ததிலிருந்து இந்த முகம்தான், என்ன செய்ய.

அதோடு விட்டிருந்தால் நானும் விதியே என்று இருந்திருப்பேன். பக்கத்துத் தெருவில் நாலு மாடியில் ஒரு ஜவுளிக்கடை புதிதாக வந்தது. நகைக்கும் அதிலேயே ஒரு மாடி. அவர்கள் வந்த கையோடு நீலத் தகட்டின் மேல் ஒரு ஃபிளெக்ஸைக் கட்டினார்கள். ஒரு நடிகை, அரக்குப் பட்டுப் புடவை, இடது கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு சிரிக்கிறாள். அந்த முழங்கை ஒரு தள்ளுவண்டி அகலத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அது முடிகிற இடத்தில்தான் எங்கள் சந்துக்கு நுழைகிற இடைவெளி. அதாவது, தெருவிலிருந்து பார்த்தால் எங்கள் கடை சரியாக அவளுடைய முழங்கைக்குப் பின்னால் இருந்தது. என் கடையை மறைத்து இன்னொருத்தன் துணி விற்கிறான் என்பதைத் தினமும் கதவைத் திறக்கும்போதெல்லாம் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கட்டடத்தின் சொந்தக்காரர் மாடியில் குடியிருக்கிறார். கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், அதிர்ந்து பேச மாட்டார். ஒருநாள் கீழே இறங்கி வந்து, இருக்கையில் உட்காராமலே விஷயத்தைச் சொன்னார். அந்த ஜவுளிக்கடைக்காரர்கள் எங்கள் இடத்தைச் சரக்கு வைக்கும் கோடவுனாகக் கேட்கிறார்களாம். கோடவுனுக்கு வெயில் வேண்டாம், வாசல் தெரிய வேண்டாம், தகடு இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன. பங்குனித் திருவிழா முடிகிறவரை அவர்களுக்குப் பதில் சொல்லாமல் வைத்திருப்பதாகவும், அதற்குள் கடை தேறுகிறதா என்று பார்ப்போம் என்றும் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மனிதர் வாடகைப் பாக்கியை அவ்வளவு நாள் பொறுத்ததே பெரிது.

எனக்கு மட்டும் என்றால் கடையை மூடிவிட்டு வேறு ஏதாவது பார்த்திருப்பேன். என் கணவருக்குப் பெருங்குடியில் வேலை இருக்கிறது, அடுப்பு எரியும். கடை அவருடைய தங்கைக்காக. எங்கள் ஊர்ப் பழக்கத்தில் அவள் என்னை மைனி என்பாள். தாமிரபரணிக் கரையில் கட்டிக்கொடுத்த வீட்டில் புருஷன் அவள்மேல் கை நீட்டினான். முதல் தடவை பொறுத்துக்கொண்டாள், இரண்டாவது தடவை ஒரு பையை எடுத்துக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறிவிட்டாள். அவள் செய்ததில் சரியானது அதுதான் என்று நான் அன்றைக்கே சொன்னேன். கே.கே. நகரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அவளுடைய பெரிய அண்ணன் அப்படி நினைக்கவில்லை. குடும்பத்துக்கே அவர்தான் பெரியவர், அவர் சொன்னால் என் கணவர் வாயைத் திறக்க மாட்டார். எல்லோரும் கூடி உட்கார்ந்து பேசிய நாளில் அவர் ஒரு தீர்ப்பைச் சொன்னார். கடை ஓடுகிறவரை அவள் இங்கே இருக்கட்டும், கடையை மூடினால் மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசி அனுப்பிவைத்துவிட வேண்டியதுதான் என்று. ஏதோ பெரிய தாராளம் செய்துவிட்டதைப்போலக் காப்பியைக் குடித்து முடித்தார். எனக்கு அந்தத் தம்ளரைப் பிடுங்கலாம்போல இருந்தது.

அன்றிலிருந்து அவள் கடையில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. வியாபாரம் பேசுவது என் வேலை, தைப்பதும் வெட்டுவதும் அவள் வேலை. ஊர்க்காரர்கள் யாராவது வந்தால் திரைக்குப் பின்னால் போய்விடுவாள். ‘ஏன் வந்துட்டே, எப்பப் போவே’ என்ற அந்த இரண்டு கேள்விகளுக்குப் பயந்துதான். தைரியமாக ரயில் ஏறியவள், கேள்விக்குப் பயந்து திரைக்குப் பின்னால் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரியும்.

செருப்புப் பை அவளுடைய யோசனைதான். திருவிழாவுக்கு எல்லாக் கடைக்காரர்களும் அட்டை விசிறி கொடுப்பார்கள். விசிறியில் பேர், போன் நம்பர், பின்பக்கம் சாமி படம். அன்று மாலை தெருவைப் பார்த்தால் பாதி விசிறி காலடியில் கிடக்கும். நாமும் விசிறி போடலாமா என்று நான் கேட்டபோது அவள் மெஷினை நிறுத்தாமலே, விசிறி எல்லாரும் தருகிறார்கள், செருப்புக்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்டாள். சாமி வருகிற நேரத்தில் எல்லோரும் செருப்பைக் கழற்றுவார்கள். ஓரமாக விட்டால் திரும்பக் கிடைக்காது, அல்லது ஒன்று மட்டும் கிடைக்கும். கையில் பிடித்துக்கொண்டால் கும்பிட முடியாது. அறுபத்து மூவருக்கு வந்த கூட்டத்தில் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். எங்களிடம் லைனிங் வெட்டித் துண்டு விழுந்த துணி மூட்டை மூட்டையாக இருந்தது. கிளிப்பச்சை, மஞ்சள், மெரூன், நாவல்பழ நிறம். கழுத்தில் சுருக்கு வைத்து, தோளில் மாட்டிக்கொள்ள ஒரு நாடா வைத்து, ஒரு ஜோடிச் செருப்பு கொள்ளும் பை.

தைத்தோம். அவள் தைத்தாள், நான் நாடா கோத்தேன். தெரிந்த அச்சுக்காரரிடம் கொடுத்துக் கடைப் பேரை ஸ்கிரீன் பிரிண்ட் போட்டு வாங்கினோம். கொடியேற்றத்தன்று காலையில் மாட வீதியில் நின்று விநியோகம் தொடங்கினேன். வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. இலவசமாகக் கொடுத்தால் எதையும் வாங்கிக்கொள்வார்கள் என்பது வேறு, ஆனால் இதை வாங்கியவர்கள் அங்கேயே நின்று செருப்பைக் கழற்றி உள்ளே போட்டார்கள். என்ன அருமையான யோசனை என்று ஒரு பெரியவர் என் தலையில் கையை வைத்தார்.

மதியம் வீட்டுச் சொந்தக்காரரின் மனைவி மாடியிலிருந்து இறங்கி வந்தார். கையில் எங்கள் பை ஒன்று, விரல் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் குரலை உயர்த்தவே இல்லை.

“பை நன்னாத்தான் இருக்கு. ஆனா அம்மன் பேரைப் போட்டுட்டு, அதுக்குள்ள செருப்பை வைக்கச் சொல்றேளே. இது அடுக்குமா?”

எங்கள் கடைக்கு ஓர் அம்மனின் பெயர். கடை வைக்கிற எவரும் சாமி பேரைத்தான் வைப்பார்கள், நாங்களும் வைத்தோம். போர்டில் பார்த்துப் பார்த்து அது எங்களுக்குக் கடைப் பேராகிவிட்டது, சாமி பேர் என்பதே மறந்துவிட்டது. தைத்தவளுக்குத் தோன்றவில்லை, எனக்குத் தோன்றவில்லை, நெற்றி நிறைய விபூதி பூசியிருந்த அந்த அச்சுக்காரருக்கும் தோன்றவில்லை. மாமி போனபிறகு நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பையை உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திருப்பித் தைத்தால் என்ன என்று அவள் கேட்டாள். அப்படிச் செய்தால் அம்மன் செருப்போடு சேர்ந்து உள்ளேயே உட்கார்ந்திருப்பாள் என்றேன். அவ்வளவு கலவரத்திலும் சிரித்துவிட்டோம். பிறகு அவள் அழுதாள். கடை போய்விட்டது, அண்ணன் அனுப்பிவிடுவார் என்று அழுதாள்.

எனக்கு அழத் தெரியாது, கோபம்தான் வரும். மிச்சமிருந்த பைகளைத் தூக்கிக்கொண்டு சந்தின் முனையில் பூ விற்கிற அம்மாவிடம் போனேன். தேங்காய், பழம், பூ வைத்து அர்ச்சனைக்கு விற்க இந்தப் பைகளை வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டேன். அம்மன் பேர் போய்ச் சேரவேண்டிய இடத்துக்கே போகட்டும். அவர் ஒரு பையை விரித்துப் பார்த்துவிட்டு, கேட்டார்.

“சரிக்கா, இத்த நான் வச்சிக்கிறேன். உன் கடை எங்க கீதுன்னு கேட்டா நான் இன்னா சொல்றது? அந்த பொம்பள கைக்கு பின்னாலன்னுதான் எல்லாருக்கும் சொல்லிக்கினு கீறேன்.”

அந்த நிமிடத்தில் எனக்கு விளம்பரம் என்றால் என்ன என்று புரிந்துவிட்டது. கடைக்குப் பேர் எதற்கு? அதோ, எங்கள் செலவில்லாமல் அடுத்தவன் கட்டிவைத்திருக்கிறான், தெருவின் அந்தக் கோடியிலிருந்தே தெரிகிற முழங்கை. மறைக்கத்தானே கட்டினாய், அதையே நான் வழிகாட்டிப் பலகை ஆக்கிவிடுகிறேன்.

மறுபடியும் பை தைத்தோம். அட்டையில் எழுத்தை வெட்டி, அதைத் துணியின்மேல் வைத்துப் பெயின்ட் தடவி நாங்களே எழுத்துப் போட்டோம். பேர் இல்லை, நம்பர் இல்லை. ‘லைனிங், ஃபால்ஸ், உள்பாவாடை. பட்டுப்புடவைக்காரியின் முழங்கைக்குப் பின்னால்.’ அவ்வளவுதான். அதைப் படித்தவர்கள் முதலில் முகத்தைச் சுருக்கினார்கள், பிறகு தலையைத் தூக்கி ஃபிளெக்ஸைப் பார்த்தார்கள், பிறகு சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப்பேர் சும்மா என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று சந்துக்குள் வந்தார்கள். வந்த பெண்கள் லைனிங்கைத் தொட்டுப் பார்க்காமல் போவார்களா? துணியை எடுத்துக்கொண்டு சந்து முனைவரை நடந்துபோய், பூக்கடைக்குப் பக்கத்தில் நின்று வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள். பூக்காரம்மா தன் பங்குக்குக் கருத்து சொன்னார். “கொஞ்சம் டார்க்கா கீது” என்று அவர் சொன்னால் அதை யாரும் எடுக்க மாட்டார்கள். அந்த வாரம் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்தார்கள். செருப்புப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மாட வீதியெல்லாம் ஊர்வலமாக எங்கள் துண்டுத் துணி போய்க்கொண்டிருந்தது.

தேர் முடிந்த அன்று மாலை ஜவுளிக்கடையின் மேனேஜர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் எங்கள் பை. மேடம், மேடம் என்று மரியாதையாகத்தான் பேசினார். எங்கள் விளம்பரப் படத்தை நீங்கள் உபயோகிப்பது தப்பு, மேலிடத்தில் கேட்கிறார்கள் என்றார். முழங்கை என்றுதானே எழுதியிருக்கிறேன், யாருடைய முழங்கை என்று எழுதினேனா என்றேன். ஊரில் முழங்கை இல்லாதவர் யாராவது இருந்தால் காட்டுங்கள் என்றேன். என் வாசலை மறைக்க என்னிடம் யாராவது அனுமதி கேட்டீர்களா என்றும் கேட்டேன். அவர் கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். அளவெடுக்கிற பார்வை. இங்கே எத்தனை மூட்டை அடுக்கலாம் என்று மனசுக்குள் கணக்குப் போடுவது எனக்கே தெரிந்தது. உள்ளே மெஷின் சத்தம் நின்றுபோயிருந்தது.

மறுநாள்தான் அறுபத்து மூவர். காலையில் கடையைத் திறக்க வந்தபோது பூக்காரம்மா எழுந்து நின்றிருந்தார்.

“இன்னாக்கா, கைய காணோம்? அம்மாம் பெரிய கை, எப்ப கழட்டிக்கினு போனான்னே தெரில.”

நடிகை போய்விட்டாள். அவள் இருந்த இடத்தில் ஒரு தங்க ஆரம், தகட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும். ஆரத்தைப் போட்டுக்கொள்ள ஒரு கழுத்துகூட இல்லை, கைக்கு எங்கே போக. எங்கள் பைகள் ஊரெல்லாம் போய்விட்டன. இன்னும் ஒரு மூட்டை அன்றைக்குக் கொடுக்கத் தயாராக இருந்தது. எல்லாவற்றிலும் முழங்கை. முழங்கை இல்லை. மயிலாப்பூருக்கு வருடத்திலேயே அதிகக் கூட்டம் வருகிற நாள் அது. திருவிழா முடிந்ததும் கட்டடக்காரர் ஜவுளிக்கடைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஃபிளெக்ஸைக் கிழித்திருப்பேன். அதைத்தான் அவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். கிழிக்கவில்லை. வீட்டுக்குப் போய் இருப்பதிலேயே நல்ல பட்டைக் கட்டிக்கொண்டு வந்தேன். சந்து முனையில் தகட்டை ஒட்டிக் கடையின் முக்காலியைப் போட்டேன், ஏறினேன், இடது கையை இடுப்பில் ஊன்றினேன். முழங்கை போதாதா? இந்தா முழங்கை. ஐம்பதை நெருங்குகிறவள் தெருவில் முக்காலிமேல் நிற்பதைப் பார்த்து எதிர்ச்சாரி ஜூஸ் கடைக்காரர் மிக்ஸியை நிறுத்திவிட்டார்.

பத்து நிமிடம் நின்றிருப்பேனா, தெரியவில்லை. பையை வாங்கியவர்கள் என்னைப் பார்ப்பார்கள், பார்த்ததும் நடையைக் கூட்டுவார்கள். ஒரு குழந்தை அம்மாவின் புடவைக்குள் ஒளிந்துகொண்டது. பின்னாலிருந்து யாரோ என் முந்தானையை இழுத்தார்கள். என் நாத்தனார். மெஷினை விட்டு வாசலைத் தாண்டி, சந்தைத் தாண்டி, தெருவுக்கே வந்திருந்தாள்.

“எறங்குங்க மைனி. உங்களுக்கு மூஞ்சி சண்டைக்கு நிக்க மாதிரி இருக்கு. வாறவ எல்லாம் பயந்து போறா.”

இறங்கினேன். அவள் உள்ளே போனாள், திரைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது அரக்குப் பட்டு கட்டியிருந்தாள். அவளுடைய அம்மா எடுத்துக்கொடுத்த புடவை. ரயில் ஏறும்போது கொண்டுவந்த பையில் அது ஒன்றுதான் பட்டு. வந்ததிலிருந்து கடை அலமாரியில் மடித்த மடிப்பு கலையாமல் கிடந்தது. மடிப்புத் தடம் குறுக்கே கோடு கோடாகத் தெரிந்தது. பூக்காரம்மா ஒரு முழம் மல்லிகையை எடுத்து அவள் தலையில் வைத்தார்.

ஏறி நின்றாள். கையை இடுப்பில் வைத்தாள். முதலில் தலை குனிந்திருந்தது. யாரோ ஒரு கல்லூரிப் பெண் பையைப் படித்துவிட்டு, “இங்கதாண்டி அந்த முழங்கை” என்று தோழியிடம் சொல்லிச் சிரித்தாள். அதைக் கேட்டு இவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தலை நிமிர்ந்தது. அந்த நடிகை காசு வாங்கிக்கொண்டு சிரித்தாள். இவள் சிரிப்பு வேறு. நான் அவளுக்கு அண்ணியாக வந்த நாளிலிருந்து பார்க்காத சிரிப்பு.

அதற்குப் பிறகு பை கொடுக்கிற வேலையைப் பூக்காரம்மாவிடம் விட்டுவிட்டு நான் கடைக்குள் ஓட வேண்டியதாயிற்று. சந்து நிறைந்துவிட்டது. சுவரோடு ஒட்டிக்கொள்ள இடமில்லாமல் வரிசையாக உள்ளே வந்து வரிசையாக வெளியே போனார்கள். போன் வைத்திருந்தவர்கள் எல்லாம் அவளைப் படம் எடுத்தார்கள். ரீல்ஸ் போடு என்று சொன்னார்களே, இப்போது ஊரே எனக்காகப் போட்டது. அறுபத்து மூவரும் பல்லக்குகளில் வர ஆரம்பித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. சாமி கடக்கும்போது மட்டும் இடுப்பிலிருந்து கையை எடுத்துக் கும்பிட்டாள், கடந்ததும் திரும்ப வைத்தாள். ஆரத்து ஃபிளெக்ஸை யாராவது பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது. பார்த்திருந்தால் இவளுக்குப் பின்னால் தொங்குகிற திரை என்று நினைத்திருப்பார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கட்டடக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். இந்தத் தடவை முக்காலி தெருவில் இருந்ததால் உட்காரச் சொல்லவும் வழியில்லை. உள்ளே நின்றிருந்த பெண்கள் விலகி அவருக்கு வழி விட்டார்கள். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“மத்தியானத்துலேர்ந்து என் வாசல்ல நின்னுண்டு, முழங்கைக் கடை எங்கேன்னு கேட்டுண்டே இருக்கா. நாளைக்கு அங்க கோடவுன்தான் இருக்குன்னு நான் எந்த மூஞ்சியை வச்சுண்டு சொல்றது? நீங்களே இருங்கோ. அவாளுக்கு நான் சொல்லிக்கறேன்.”

நான் கையில் இருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடினேன். கண் மங்கியது, எனக்கு அழத் தெரியாது என்றா சொன்னேன்? முக்காலிக்குக் கீழே நின்று அவள் காலைத் தொட்டு, கடை நமக்குத்தான், கட்டடக்காரர் சொல்லிவிட்டார், போதும், இறங்கு என்றேன். அவள் என்னைக் குனிந்து பார்த்தாள். கண் முழுக்க நீர். சரி என்று தலையை ஆட்டினாள். ஆனால் இறங்கவில்லை.

ஏன் என்று எனக்கு அடுத்த நிமிடம் புரிந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளுடைய பெரிய அண்ணன் வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு வருடமும் அறுபத்து மூவருக்கு வியாபாரிகளோடு சேர்ந்து தெருமுனையில் மோர்ப் பந்தல் போடுவது அவர் வழக்கம். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும், அல்லது யாராவது போனில் காட்டியிருக்க வேண்டும். வேட்டியெல்லாம் மோர். அவருக்குப் பின்னால் பந்தலில் நின்ற ஊர்க்காரர்கள் நாலைந்து பேர், இவள் யாரைப் பார்த்தால் திரைக்குப் பின்னால் போவாளோ அவர்கள்.

என்னை அவர் பார்க்கவே இல்லை. தங்கையை அண்ணாந்து பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

“ஏட்டி, கீழ எறங்கு. ஊரே பாக்குது.”

நான் சொல்ல எவ்வளவோ வைத்திருந்தேன். காப்பித் தம்ளர் நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் மேலேயிருந்து அவள் குரல் வந்தது, சாதாரணமாக, நூல் நிறம் கேட்கிற மாதிரி.

“பாக்கணும்னுதாண்ணே நிக்கேன்.”

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். பின்னால் வந்த ஊர்க்காரர்களில் ஒரு பெண்மணி, பூக்காரம்மாவிடமிருந்து ஒரு செருப்புப் பையை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, எங்கள் சந்துக்குள் நுழைந்தார். முக்காலிமேல் நின்றவள் இடுப்பிலிருந்து கையை எடுக்கவில்லை. கடைசிப் பல்லக்கு போய், தெரு விளக்கில் ஆரத்து ஃபிளெக்ஸ் வெளுத்துத் தெரிகிறவரை, அவள் அப்படியேதான் நின்றாள்.